பள்ளத்து முரட்டு மூங்கில்

உபால்தோ வீட்டில் நான்கு ஆண்கள்: அவரும், கல்யாணம் ஆகாத மூன்று தடி மகன்களும். நான்கு வயிற்றுக்கும் ஒரே அடுப்பு, அந்த அடுப்புக்கு ஒரே ஆள். அவள் பெயர் எடெல்மிரா. உபால்தோவின் செத்துப்போன தம்பி நிகனோரின் பெண்டாட்டி. பூமி குலுங்கிய அந்த ஏப்ரல் மாலையில் அவள் வீடு கிழட்டுக் கழுதை மாதிரி முழங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது. ஒரு துணிமூட்டையும் ஒரு காப்பி வடிகட்டியுமாக மச்சான் வீட்டுச் சமையலறை மூலைக்கு வந்தாள். "ரெண்டு நாளைக்கி இரு" என்றார்கள். இரண்டரை வருஷம் ஓடிவிட்டது. கூலி கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடையாது. "காப்பியில சர்க்கரை கம்மி" என்கிற புகார் மட்டும் நாள் தவறாமல் வந்தது.

அந்த வீடு ஏன் விழுந்தது என்று ஊருக்கே தெரியும். மலைமேல் நல்ல மூங்கிலில் கட்டிய வீடுகள் எல்லாம் ஆடின, நின்றன. நிகனோர் கட்டியது நிற்கவில்லை. அவன் அவசரக்காரன். ஆற்றங்கரையில் முள்ளில்லாமல் வளர்கிற சாது மூங்கிலை, அதுவும் வளர்பிறையில் வெட்டிக்கொண்டு வந்தான். வளர்பிறையில் மூங்கிலுக்குள் சாறு ஏறி நிற்கும். சாறு நிற்கிற மூங்கிலை வண்டு சும்மா விடுமா? மனாபி மாகாணத்தில் இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், நிகனோருக்கும் தெரியும். தெரிந்தே செய்தான். அடுத்த வருஷம் பாம்பு கடித்து அவன் போய்ச் சேர்ந்தான். தூண்களிலிருந்து மாவு கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு இவள் தனியாகக் கிடந்தாள். புருஷன்மேல் அவளுக்கு இருந்த பிரியம் குறையவில்லை. அந்த வீட்டை நினைக்கிறபோது வருகிற கோபமும் குறையவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒருநாள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே உபால்தோ பேச்செடுத்தார்.

"உன் மேட்டு நிலம் சும்மாதானே கெடக்கு. ஜனவரி மழைக்கு மக்காச்சோளம் போட்டு, சுத்தி வேலியும் அடிச்சிடறேன்."

எடெல்மிரா கரண்டியைக் கீழே வைத்தாள். உபால்தோ அடித்த வேலியை அவரே பிடுங்கியதாக அந்த மலையில் சரித்திரமே கிடையாது. வேலி ஏறினால் நிலம் போயிற்று. நிலம் போனால் சாகிறவரை இந்த அடுப்புதான்.

"அங்க நான் வீடு கட்டப் போறேன், மச்சான்."

"எதால? வாயாலயா?"

மூன்று தடியன்களும் சிரித்தார்கள். கடைக்குட்டிக்குச் சிரிப்பில் சோறு புரையேறியது. நன்றாக ஏறட்டும் என்று அவளும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாளே மேஸ்திரி தீதிமோவைத் தேடிப் போனாள். அந்தப் பக்கத்தில் மூங்கில் வீடு கட்ட அவரை விட்டால் ஆளில்லை. அவர் வாய்க்குப் பயப்படாத ஆளும் இல்லை.

"சாது மூங்கிலக் கொண்டுவந்தா நான் தொட மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார் தீதிமோ. "உன் புருஷன் கட்டின லட்சணத்தத்தான் பாத்தமே. பன்னெண்டு தூணு வேணும். பன்னெண்டும் முரட்டு மூங்கிலு. தேய்பிறையில விடியக்காலம் வெட்டணும், எலையும் தழையுமா தூர்லயே நிக்க வச்சு மூணு வாரம் சாறு வடிய விடணும். அதக் கொண்டாந்து போடு, மழைக்கு முன்னாடி உன்ன வீட்டுல ஏத்திடறேன்."

"முரட்டு மூங்கிலு என் பள்ளத்துலயே இருக்கு. வெட்டத்தான் ஆள் வேணும்."

"அந்தப் பள்ளத்துக்கா? ஏம்மா, எனக்குத் தெரிஞ்ச வெட்டுக்காரன் எவனுக்கும் ரெண்டு கண்ணுக்கு மேல கெடையாது. ஒண்ணு போனா என்ன பண்ணுவான்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் நின்ற அந்த மூங்கில் தூருக்குள் முப்பது வருஷமாக மனிதன் நுழைந்ததில்லை என்று ஊரில் பேச்சு. ஒவ்வொரு கணுவிலும் மூன்று முள்: நடுவில் விரல் நீளத்துக்கு ஒன்று, இரண்டு பக்கமும் கொக்கி மாதிரி வளைந்த குட்டி முள். அது போதாதென்று அடிக்கணுக்களிலிருந்து இலையே இல்லாத முள் கிளைகள் படுக்கையாகக் கிளம்பி, பக்கத்துக் கழியைப் பிடித்து, அதற்குப் பக்கத்துக் கழியையும் பிடித்துப் பின்னிக்கொண்டு கிடந்தன. கோழி நுழைந்தால் இறகு மட்டும் திரும்பி வரும். நான்கு வெட்டுக்காரர்களைக் கேட்டாள். நான்கு பேருக்கும் அந்த வாரம் பார்த்து இடுப்பு வலி.

தேய்பிறை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த தேய்பிறை நவம்பர் கடைசியில்தான். அதற்குமேல் மூன்று வாரம் காய வைத்துக் கட்டுவதற்குள் மழை இறங்கிவிடும். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்று எடெல்மிரா தானே கிளம்பினாள். நிகனோரின் பழைய சேணத்தைக் கிழித்து இரண்டு முன்கைக்கும் தோல் உறை தைத்துக்கொண்டாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வலது கையில் வெட்டுக்கத்தி, இடது கையில் காப்பிக் கட்டையில் செய்த கவைக்கோல்.

முள் கிளையை இழுக்கக் கூடாது என்பதை முதல் நாளே அவள் ரத்தம் கொடுத்துப் படித்துக்கொண்டாள். இழுத்தால் கொக்கி இன்னும் ஆழமாக இறங்கும். கவைக்கோலால் கிளையை மெல்லத் தூக்கிப் பிடித்து, அது புறப்படுகிற கணுவோடு ஒட்டிக் கத்தியைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். விழுகிற கிளையைக் கவையாலேயே பின்னால் தள்ள வேண்டும். ஒரு கிளை, ஒரு எட்டு. மறு கிளை, மறு எட்டு. முதல் நாள் முடிவில் அவள் குடைந்த வழி மாடு படுக்கிற நீளம் கூட இல்லை.

வீட்டில் வேறு ரகளை. விடிவதற்குள் அவள் கிளம்பிவிடுவதால் முந்தின நாளே சுட்டு வைத்த வாழைக்காயும் ஆறிப்போன காப்பியும்தான் நான்கு பேருக்கும்.

"இது மனுஷன் திங்கறதா?" என்றார் உபால்தோ.

"பல்லு நாலு பேருக்கும் கெட்டியாத்தானே இருக்கு, மச்சான்? மெல்லுங்க."

"கைய பாரு, பூனையோட சண்ட போட்டவ மாதிரி. உனக்கு எதுக்கு இந்த வேல?"

"பூனைன்னா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

நவம்பர் இரண்டு, இறந்தவர்கள் நாள். அன்றைக்கு யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். வீட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, செத்தவர்களுக்குப் பிடித்த பண்டத்தைப் படைத்துவிட்டுக் கல்லறைக்குப் போவார்கள். எடெல்மிரா நிகனோருக்குப் பிடித்த கடலைமாவு உருண்டையையும் ஒரு கோப்பைக் காப்பியையும் மேசையில் வைத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.

"கட்டினவன் கல்லறைக்குக் கூட வராத பொம்பள!" என்று முதுகுக்குப் பின்னால் உபால்தோ கத்தினார். தேய்பிறை கல்லறைக்காகக் காத்திருக்குமா? அவள் திரும்பவில்லை.

அன்று பகலில்தான் தூரின் வயிற்றை எட்டினாள். உள்ளே முள் குறைவு. தொடை பருமனுக்குக் கழிகள் நெருங்கி நின்றன. கணுக்கள் அடியில் அடுக்கடுக்காக நெருங்கியும் மேலே போகப் போக விலகியும் இருந்தன. இளசான கழியில் கணுவுக்குக் கணு வெள்ளை வளையம் பளிச்சென்று தெரிந்தது. முற்றிய கழியில் வளையம் மங்கி, பச்சைமேல் சாம்பல் பூத்த பொட்டுகள். பொட்டு விழுந்ததுதான் தூணுக்கு ஆகும். அண்ணாந்து பார்த்து நின்றவளின் காலில் ஏதோ இடறியது.

பழைய வெட்டுக்கட்டை. ஒன்றே ஒன்று. கறுத்துப்போய், பாதி மக்கி. கணுவை ஒட்டி வெட்டாமல் இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டியிருந்ததால் மேலே ஒரு கோப்பை மாதிரி குழி. அதில் மழைத் தண்ணீரும் கொசுப்புழுவும். தண்ணீர் தேங்கினால் அழுகல் வேருக்கு இறங்கும், அதனால் கணுவுக்கு மேலே ஒட்டித்தான் வெட்ட வேண்டும். எந்த அவசரக்காரன் வெட்டியது என்று திட்டப்போனவள், வெட்டின சாய்வைப் பார்த்தாள். குனிந்து விரலால் தடவினாள். சாய்வு இடமிருந்து வலமாக ஏறவில்லை. வலமிருந்து இடமாக ஏறியது. அந்த மலையில் இடது கையால் கத்தி பிடித்தவன் ஒருவன்தான்.

நிகனோர் இங்கே வந்திருக்கிறான். இந்த முள்ளுக்குள் நுழைந்து, ஒன்றை வெட்டி, அதை இழுக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம்தான் ஆற்றங்கரைக்குப் போனது. உடம்பெல்லாம் கீறலோடு ஒருநாள் வந்து, "கோவேறு கழுதை எத்தித் தள்ளிடுச்சு" என்று சொன்னானே, அன்றைக்குத்தான். தோற்றதைப் பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

எடெல்மிரா அந்தக் கட்டை பக்கத்தில் குந்தி அழுதாள். இத்தனை வருஷம் மனசுக்குள் அவனைச் சோம்பேறி, சோம்பேறி என்று வைததற்காக அழுதாள். "ஏன்யா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரா வந்து வெட்டியிருப்பமே" என்று கட்டையிடமே சண்டை போட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அந்தக் கட்டையைக் கீழ்க்கணு வரை இறக்கி, தண்ணீர் தேங்காமல் சீராக வெட்டிவிட்டாள். கல்லறைக்குப் போய்வந்த நிறைவு வந்தது.

அடுத்த ஐந்து விடியலில் பன்னிரண்டு கழிகளை வெட்டினாள். ஒவ்வொன்றும் கணுவுக்கு மேலே ஒட்டி. வெட்டு முடிந்து கழியின் அடியை நெம்பிப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்மேல் வைத்தால், கழி நகர்ந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். சாயவில்லை, ஒரு சாண் கூட இறங்கவில்லை. மேலே நூறு முள் கைகள் பக்கத்துக் கழிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. வெளியே நின்று பார்த்தால் தூரில் ஒரு குருவி கூட அசையாத மாதிரி இருந்தது.

அமாவாசை வந்தது. எடெல்மிரா வெறுங்கையோடு மேலேறி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெத்ரோனாவின் கடையில் ஊர் கூடியிருந்தது. உபால்தோ கோவேறு கழுதையைக் கட்டிவிட்டு, தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். வருகிற வழியில் பாதையிலிருந்தே பள்ளத்தை நோட்டம் விட்டிருந்தார். வாழ்நாள் முழுக்க ஆற்றங்கரைச் சாது மூங்கிலை வெட்டியவர். சாது மூங்கிலை வெட்டி நிறுத்தினால் உச்சி ஒரு முழம் தாழும், பக்கத்துக் கழியில் தலை சாய்க்கும். எத்தனை வெட்டியிருக்கிறது என்று பாதையிலிருந்தே எண்ணிவிடலாம். அவர் எண்ணினார். ஒரு உச்சி கூடத் தாழவில்லை.

"ஒம்போது நாளு பள்ளத்துல என்ன பண்ணின, தூங்கினியா?" என்றார் எல்லோர் காதிலும் விழும்படி. "நாங்க ஆறின காப்பி குடிச்சதுதான் மிச்சம்."

எடெல்மிரா உப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். உப்புப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சரி, ஊரு முன்னாடி சொல்றேன். மாசக் கடைசியில சான் அந்திரேஸ் நாளன்னிக்கி இவளோட பன்னெண்டு தூணு மேட்டுக்கு ஏறட்டும். ஏறிச்சுன்னா என் தோள்லயும் என் பசங்க தோள்லயும்தான் ஏறும். வீடு முடியற வரைக்கும் மேஸ்திரிக்கு நாங்களே கையாளு. ஏறலேன்னா வீடுங்கற பேச்சே இருக்கக் கூடாது. மேடு எனக்கு. சம்மதமா?"

அவள் பக்கம் வந்து பெத்ரோனா குசுகுசுத்தாள். "அவசரப்படாதடி. கெழவன் சும்மா பேச மாட்டான்."

"சம்மதம்" என்றாள் எடெல்மிரா.

இவ்வளவு சீக்கிரம் அந்தச் சொல் வரும் என்று உபால்தோ எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தார். ஆனால் ஊர் முன்னால் தொப்பியைத் தொட்டுச் சொன்ன வார்த்தை. மனாபிக்காரன் அதைத் திருப்பி விழுங்கினால் அப்புறம் சேவல் சண்டைக் களத்தில் தலைகாட்ட முடியாது. மேஸ்திரி தீதிமோ மூலையில் உட்கார்ந்து சுருட்டை அணைத்துவிட்டு, "நான் சாட்சி" என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து எடெல்மிரா யாருக்கும் தெரியாமல் பள்ளத்தில் இறங்கி ஒரு கழியை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கயிறு கட்டி, காலை உதைத்து, உடம்பு முழுக்கத் தொங்கிப் பார்த்தாள். மேலே இலைதான் சலசலத்தது. முள் பச்சையாக இருக்கிறவரை பிடி விடாது போலிருக்கிறது. நிகனோர் ஒன்றை வெட்டிவிட்டு ஓடினான். பன்னிரண்டை வெட்டியும் இவளும் அப்படித்தானா? தன் வாயாலேயே மேட்டைக் கொடுத்துவிட்டாளா? அன்று சோறு அடிபிடித்தது. அடிபிடித்ததைத்தான் பரிமாறினாள்.

ஆனாலும் தினமும் போனாள். கீழே கை எட்டுகிற உயரம் வரை எல்லா முள்ளையும் சீவினாள். கழிகளைக் கத்தியின் முதுகால் தட்டிப் பார்த்தாள். தண்ணீர் நிற்கிற சத்தம் போய் ஒவ்வொன்றாகக் கணீரென்று பேச ஆரம்பித்தன. நவம்பர் கடைசி வாரம் மலையில் மூடுபனி இறங்கி, பள்ளத்தின் மேலே போர்வை மாதிரி உட்கார்ந்துகொண்டது. பாதையிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்தப் பனிக்குள்ளே அவளுடைய பன்னிரண்டு கழிகளும் மஞ்சளாகி இலை உதிர்த்தன. வெட்டிய இருபத்தொன்றாம் நாள் ஒரு முள்ளைக் கவைக்கோலால் தொட்டாள். வறுத்த கடலை மாதிரி பட்டென்று ஒடிந்தது. எடெல்மிரா தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள்.

சான் அந்திரேஸ் நாள் காலையில் ஊரே பள்ளத்தில் இறங்கி மூங்கில் தூருக்கு முன்னால் நின்றது. உபால்தோ மூன்று மகன்களோடு வந்தார். கேலிக்காகத் தோளில் ஒரு கயிற்றுச் சுருளையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"எங்கம்மா தூணு? கண்ணுக்குத் தெரியலையே."

"அதோ நிக்கறதே."

"நிக்கறது மூங்கிலு. நான் கேட்டது வெட்டின தூணு."

"கண்ணு உங்களுக்கு உச்சியிலயே இருக்கு, மச்சான். கொஞ்சம் அடியில பாருங்க."

அவள் குடைந்த வழியில் குனிந்து நுழைந்தாள். பின்னாலேயே மேஸ்திரி. முதல் கழியின் அடியைக் கல்லிலிருந்து எட்டி உதைத்தாள். மேலே சடசடவென்று முள் ஒடிகிற சத்தம். கழி அவள் வெட்டி வைத்த வழியோடு நீளமாக வழுக்கி வந்து உபால்தோவின் பூட்ஸுக்கு முன்னால் நின்றது. ஊர் ஓவென்று கத்தியது. தீதிமோ குனிந்து வெட்டு வாயைத் தடவினார், கணுவைத் தட்டினார், பொட்டைப் பார்த்தார்.

"தேய்பிறை" என்றார். "மூணு வாரம் நின்ன மூங்கிலு. ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. பன்னிரண்டும் வந்தன. உபால்தோவின் முகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் மாறியது. கடைக்குட்டி மெல்ல நழுவப் பார்த்தான். பெத்ரோனா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போற ராசா? தோளு இங்க இருக்கு, தூணு அங்க இருக்கு."

தூக்கினார்கள். கீழ்ப்பாதி முள்ளை எடெல்மிரா சீவியிருந்தாள். மேல்பாதி அவள் கைக்கு எட்டாதது. அந்தப் பாதி இப்போது பின்னால் வருகிறவர் தோளுக்கு வந்தது. பின்னால் வந்தவர் உபால்தோ. நான்காவது தூணில் தோள்பட்டையில் ஒரு முள் அடிவரை இறங்கியது. மனிதர் வலியில் உதட்டைக் கடித்தார். ஆனால் தூணைக் கீழே போடவில்லை. அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும். மேட்டுக்கு ஏறியதும் எடெல்மிரா அவரை உட்காரவைத்து, ஊசியைத் தீயில் காட்டி முள்ளை எடுத்தாள்.

"வலிக்குதா, மச்சான்?"

"இல்ல."

"எனக்கு நாப்பத்தேழு குத்திச்சு. எல்லாம் வலிச்சுது."

அவர் சட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த தூணுக்கு இறங்கினார்.

வீடு பதினெட்டு நாளில் எழுந்தது. தூண்களை மண் தொடாமல் கல்மேல் நிறுத்தினார் தீதிமோ. தூண் அறுத்தது போக மிச்ச மூங்கிலைக் கணுக்கணுவாகக் கொத்தி, பிளந்து விரித்துப் பலகையாக்கிச் சுவர் வைத்தார்கள். கூரைக்குத் தாளிப்பனை ஓலை. உபால்தோவும் மகன்களும் சொன்ன சொல்லுக்கு ஒருநாள் கூடத் தப்பாமல் வந்தார்கள். முகம் கொடுத்துப் பேசவில்லை, வேலையில் குறையும் வைக்கவில்லை. பகல் சாப்பாடு மட்டும் எடெல்மிரா மேட்டில் புதிதாக மூட்டிய அடுப்பில். பழைய அடுப்புக்கு அவள் திரும்பவே இல்லை. ராத்திரி வீட்டில் சமைக்க ஆளில்லாமல் மகன்கள் மூவரும் இளைத்திருந்தார்கள்.

கடைசி ஓலை ஏறிய அன்று வேலை செய்த எல்லோருக்கும் விருந்து. சோறும் கோழியும் கடலைக் குழம்பும் வாழையிலையில் கட்டி, சூடாகப் பிரித்துத் தட்டில் வைத்தாள். மேலேயிருந்து முதல் தூறல் விழ ஆரம்பித்தது. புது ஓலையில் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எடெல்மிரா நடுத்தூணைக் கையால் தொட்டுப் பார்த்தாள். நிகனோரின் வெட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் நின்ற கழி அது. உனக்கும் சேர்த்துத்தான் என்று மனசுக்குள் அவனிடம் சொன்னாள்.

உபால்தோ வழித்துச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். இத்தனை நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "குழம்பு நல்லாருக்கு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப நாளைக்கி எங்க வீட்டுல யாரு சமைப்பா?"

"அடுப்பு அங்கேயேதான் இருக்கு. வெறகு இருக்கு. எட்டுக் கை இருக்கு."

பெத்ரோனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உபால்தோ எழுந்தார், தட்டை எப்போதும்போல் மேசையிலேயே விட்டுவிட்டு, தொப்பியை எடுத்து வாசல் படியில் கால் வைத்தார்.

"மச்சான்" என்றாள் எடெல்மிரா. "இது என் வீடு. இங்க சாப்பிட்டவங்க அவங்கவங்க தட்ட அவங்கவங்கதான் கழுவணும்."

மனிதர் நின்றார். மகன்கள் அப்பாவைப் பார்த்தார்கள், தீதிமோ கூரையைப் பார்த்தார். உபால்தோ திரும்பி வந்து தட்டை எடுத்தார். கூரை விளிம்பிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீரில் அதைப் பிடித்து, கையால் தேய்த்துக் கழுவி, அவளிடம் நீட்டினார். அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் எண்ணெய் இருந்தது.

"இன்னொரு தடவ" என்றாள்.